சுண்ணாம்பு வட்டம்

“வட்டத்த மிதிச்சிராத மச்சான்!”

த்ரீவீலரிலிருந்து வெளியே வைத்த காலை விஜேந்திரன் மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டான். தோட்டத்து லய வீடுகளுக்கு எதிரே இருந்த மைதானத்தில் சுண்ணாம்பால் பெரிய வட்டம் போட்டிருந்தார்கள். துணி காயப்போடும் கொடிகளை அவிழ்த்து, மாடுகளைக் கோயில் பக்கம் கட்டியிருந்தார்கள். கூடப் படித்த அழகையா வாளியோடு நின்றான்.

“என்னா, இதுல வந்திட்ட? எனக்கு ஒன்னுன்னா மகன் ஹெலியில வருவான், எறங்க எடம் பாத்து வைங்கடான்னு மாமா சொல்லியிருந்தாரு.”

அழகையா வானத்தையும் ஒருமுறை பார்த்துக்கொண்டான், ஹெலிகொப்டர் பின்னால் வருகிறதோ என்பதுபோல.

விஜேந்திரனுக்கு நாற்பத்துமூன்று வயது. பதுளையில் கணிதம் படிப்பித்தான். பொங்கலுக்கு முன்னால் ஒருநாள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அப்பாவிடம், “வேலைய விட்டுட்டு ஹெலி ஓட்டப் படிக்கலாமான்னு யோசிக்கிறேம்பா” என்றான். மனைவியிடம்கூடச் சொல்லாததை அவரிடம் சொன்னதற்குக் காரணம், அவர் தூங்கிவிட்டதாக நினைத்ததுதான். அப்பா தம்பையாவுக்கு யோசிப்பது என்கிற தொழிலில் நம்பிக்கையில்லை. தோட்டத்துக்குத் திரும்பிய அன்றே மகனைப் பைலட்டாக்கிவிட்டார். அதன்பிறகு ஹல்துமுல்லை வானத்தில் எது பறந்தாலும் லயமே வெளியே வந்து கையாட்டியது. விஜேந்திரன் மறுக்கவில்லை. அடுத்த லீவில் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தான்.

நேற்று அப்பா மூச்சுக்குத் திணறியபோது, பாடசாலைக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு அவன் கொழும்புக்குப் பக்கத்தில் இரத்மலானையில் இருந்தான். ஹெலி ஓட்டப் பழக்கும் இடத்துக்கு எதிர்த் தேநீர்க்கடையில். உள்ளே போய் விசாரிக்கத்தான் வந்தான். பிளேன்டீயாகக் குடித்துத் தள்ளினான். வாசல் காவலாளி இவன் பக்கம் பார்த்ததும், நேரமாகிவிட்டவன்போல எழுந்து பஸ் ஏறினான். பதுளையில் செய்தி காத்திருந்தது.

உள்ளே, அம்மா பெரியாயி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கடைசி வரைக்கும் சத்தம் கேக்குதா, சத்தம் கேக்குதான்னே கேட்டாரு. பெக்டரி மிசின் ஓடிக்கிட்டு இருந்திச்சி. ஆமாங்க, தம்பிதான் வருதுன்னு சொல்லிட்டேன். சரிதானேப்பா?”

“சரிதாம்மா.”

குளிப்பாட்டிப் பாடையில் ஏற்றினார்கள். தப்பு முழங்கியது. விஜேந்திரன் அழகையாவின் காதருகே குனிந்தான்.

“மச்சான், நான் இன்னும் ஓட்டவே இல்லடா.”

“என்னா?”

“ஓட்டவே இல்ல!”

“தப்புச் சத்தத்துல ஒன்னும் கேக்கல. பொறவு சொல்லு.”

“ஒன்னுமில்ல.”

போகும் வழியில் பாடையை ஓரிடத்தில் இறக்கி, திசை மாற்றித் தூக்குவது வழக்கம். எங்கே இறக்குவது என்று யாரும் கேட்கவில்லை. நேரே வட்டத்துக்கு நடுவே கொண்டுபோய் வைத்தார்கள். தப்பு நின்றது. நான்கு பேர் குனிந்து தம்பையாவை மெல்லத் திருப்பினார்கள். பெண்கள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்கள்.

“வா மச்சான். மகன்தான முன்னுக்குப் போவணும்.”

விஜேந்திரன் செருப்பைக் கழற்றினான். கோடு அழியாமல் காலைத் தூக்கி உள்ளே வைத்தான்.