எஞ்சினோடு வந்தவள்

அகஸ்ரினின் பிக்கப் வண்டிக்கு வயது போய்விட்டது. அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லத்தான் ஒருவருக்கும் துணிவு வரவில்லை. குளிர்காலத்தில் பனி தள்ளவும் கோடையில் புல் வெட்டவும் அதை நம்பித்தான் அவர் பிழைத்தார். அது எண்ணெய் குடித்தது, புகை கக்கியது, பின்னால் வந்தவனெல்லாம் ஹோர்ன் அடித்தான். மனிதர் அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் ஒருநாள் பிக்கரிங் ஸ்டேஷன் வாசலில், வேலை முடிந்து ரயிலில் வந்திறங்கிய மகள் மெலிசா ஏறிக் கதவைச் சாத்திய கையோடு, எஞ்சின் பெரிய சத்தம் ஒன்று போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டது.

புது வண்டி வாங்கச் சொன்னவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான். "உடம்பு நல்லாத்தான் இருக்கு. நெஞ்சுதான் பழுது. நெஞ்சை மாத்தினால் இன்னும் கனகாலம் ஓடும்." இப்படிச் சொல்லிக்கொண்டே, அஜின்கோர்ட்டில் ஒரு பிளாசாவுக்குப் பின்னால் கராஜ் வைத்திருக்கும் றொய்சனிடம் வண்டியை இழுத்துக்கொண்டு போய் விட்டார்.

றொய்சன் கெட்டிக்காரன். அடிபட்டுப் பழைய இரும்புக்குப் போன புதுமாதிரி பிக்கப் ஒன்றிலிருந்து எஞ்சின் எடுத்தான். "அண்ணை, எஞ்சினை மட்டும் தனியத் தூக்கி வைக்கேலாது. அதின்ர கொம்பியூட்டர், வயர், மீற்றர் எல்லாம் சேர்ந்துதான் வரோணும். இல்லாட்டி ஸ்டார்ட் ஆகாது." பெண் எடுத்தால் பெண்ணோடு அவள் வீட்டுச் சனமும் வரத்தானே செய்யும். அகஸ்ரின் எல்லாவற்றுக்கும் ஓம் என்றார்.

புது எஞ்சின் பூனை மாதிரி ஓடியது. மனைவி அருள்மலர் பங்குச் சாமியாரைக் கூப்பிட்டு வண்டியை மந்திரிக்கச் சொன்னாள். "வாங்கேக்கையே மந்திரிச்சதுதானே. ஒருத்தருக்கு ரெண்டுதரம் ஞானஸ்நானம் குடுக்கிறவையே?" என்று அகஸ்ரின் மடக்கப் பார்த்தார். அருள்மலரிடம் அந்தப் பருப்பு வேகவில்லை. சாமியார் வந்து தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார்.

அன்று மாலையே அது தொடங்கிவிட்டது. மாலை என்பது பேச்சுக்குத்தான். மார்கழியில் வேலை விடும்போதே இருட்டிவிடும். ஸ்டேஷன் வாசலில் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு மகளுக்காகக் காத்திருந்தார். டிங், டிங் என்று மணி அடித்தது. மீற்றரில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. பக்கத்தில் இருக்கிறவர் சீற் பெல்ற் போடவில்லை என்று சொல்லும் விளக்கு அது. அவர் திரும்பிப் பார்த்தார். மூன்று பேர் அமரக்கூடிய அந்தப் பழைய நீள இருக்கையில் அவருடைய கையுறைகள் மட்டும் கிடந்தன. அவற்றை எடுத்து மடியில் வைத்தார். விளக்கு அணையவில்லை.

மெலிசா வந்து ஏறினாள், பெல்ற் போட்டாள். விளக்கு அப்போதும் எரிந்துகொண்டே இருந்தது.

"அப்பா, ஹீற்றர் வேலை செய்யுதா? எனக்கு இந்தப் பக்கம் மட்டும் குளிருது," என்று இடக்கையைத் தேய்த்தாள். இடப்பக்கம் என்றால் நடு இருக்கைப் பக்கம். கியர் மாற்றிய வலக்கையில் அகஸ்ரினுக்கும் அந்தக் குளிர் பட்டது. அதை அவர் மகளிடம் சொல்லவில்லை.

பிறகு நாள் தவறாமல் இதே கதைதான். காலையில் பனி தள்ளப் போனால் விளக்கு இல்லை. கடைக்குப் போனால் இல்லை. மாலையில் ஸ்டேஷன் வாசலில் நின்றால் மட்டும் மணி அடிக்கும், விளக்கு எரியும். வீட்டுக்கு வந்து எஞ்சினை நிறுத்தும்வரை அணையாது. தீர்த்தத்துக்கு அது பயப்பட்டதாகவும் தெரியவில்லை. சாமியார் தெளிக்கும்போது அதுவும் பக்தியாகக் கைகூப்பிக்கொண்டு இருந்திருக்கும்!

விளக்கோடு போயிருந்தால் அகஸ்ரின் பொறுத்துக்கொண்டிருப்பார். மெலிசாவைப் பிடித்த குளிர்தான் அவருடைய நித்திரையைக் கெடுத்தது. வீட்டுக்குள்ளேயும் பிள்ளை ஜாக்கெட்டைக் கழற்றவில்லை. சோற்றை அளைந்துவிட்டு எழுந்தாள். இடக்கை விரல்களால் ஒரு தேத்தண்ணிக் கோப்பையைக்கூடப் பிடிக்க முடியவில்லை. டொக்டர் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். பிக்கப்பை விட்டுவிட்டு அருள்மலரின் காரில் போய் மகளை ஏற்றிப் பார்த்தார் அகஸ்ரின். பிடித்த குளிர் விடவில்லை. ஒரே பிள்ளை, கண் முன்னால் வெளிறிக்கொண்டு வருகிறது. தன் பிடிவாதம்தான் இதை வீட்டுக்குள் கொண்டுவந்தது என்று தன்னையே நொந்துகொண்டார்.

மனைவியிடம் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் பிக்கப் அன்றைக்கே தெருவுக்குப் போய்விடும். நேரே றொய்சனிடம் போனார்.

"அண்ணை, உங்கட பழைய சீற்றில ஆள் இருக்கோ இல்லையோ எண்டு பாக்கிற சென்சரே இல்லை. கொம்பியூட்டர் குழம்புது. நான் விளக்கைக் கழட்டிவிடுறன்."

"விளக்கைக் கழட்டினால் இருக்கிற ஆள் இறங்கிவிடுமோ?"

றொய்சன் கையிலிருந்த சாவியைக் கீழே வைத்தான். அவன் முகம் போன போக்கிலேயே அகஸ்ரினுக்கு விளங்கிவிட்டது.

"யாற்ற வண்டியடா அது?"

"சிவராமன் எண்டு ஒரு தமிழ்நாட்டு ஆள். பிக்கரிங்கிலதான், வடக்குப் பக்கம் புது வீடுகள் இருக்கிற இடம். மனுசி தீப்தியை ஸ்டேஷனில ஏத்திக்கொண்டு வரேக்க லொறி ஒண்டு பக்கத்தால இடிச்சுப்போட்டுது. அவருக்குப் பெரிசா ஒண்டுமில்லை. அந்தப் பிள்ளை வீடு போய்ச் சேரேல்லை."

"இதை முதலே சொல்லோணுமெல்லோ!"

"சொன்னால் எடுத்திருப்பீங்களே அண்ணை?"

அவனை அடிக்கத்தான் கை துருதுருத்தது. ஆனால் திரும்பி ஓட்டிக்கொண்டு வரும்போது கோபம் வேறு பக்கம் போய்விட்டது. பாவம், அவள் என்ன செய்வாள்? தன் வண்டிச் சத்தம் கேட்டு ஏறுகிறாள். வழி தவறி வேறு வீட்டு வாசலில் கொண்டுபோய் விடுகிறார்கள். மறுநாள் மறுபடியும் ஸ்டேஷனில் வந்து நிற்கிறாள். அவளுக்கு மந்திரமும் வேண்டாம், தீர்த்தமும் வேண்டாம். வீட்டுக்கு ஒரு றைட் கொடுத்து இறக்கிவிட்டால் போதும்.

அன்று மாலை மெலிசா ஏறியதும் எல்லாவற்றையும் சொன்னார். மெலிசா சிரிக்கவில்லை.

"அப்பா, அவ நடுவிலதான் இருக்கிறா. நான் இறங்காமல் அவ எப்படி இறங்குவா?"

அந்தப் புத்தி அவருக்கு வரவில்லை. வண்டியை வடக்கே விட்டார்.

றொய்சன் விசாரித்துச் சொன்ன தெருவில் வீடுகள் எல்லாம் ஒரே அச்சு. ஆனால் தேட வேண்டி வரவில்லை. ஒரு வாசலுக்கு முன்னால் எஞ்சின் தானாகவே சுருதி இறங்கியது. குசினி ஜன்னலில் வெளிச்சம் இருந்தது. உள்ளே ஒரு ஆண் தனியாக அடுப்படியில் நின்றான். மெலிசா இறங்கிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, ஒதுங்கி நின்றாள். இருக்கை மெல்லக் கிறீச்சிட்டது. குளிர் ஒன்று மெலிசாவின் தோளை உரசிக்கொண்டு வெளியே போனது. வாசல் பனியில் ஒரு தடமும் விழவில்லை. சிவப்பு விளக்கு அணைந்தது.

அகஸ்ரின் திறந்த கதவுப் பக்கம் குனிந்து பார்த்தார். ஒரு பெண் பிள்ளை வீடு போய்ச் சேர்ந்துவிட்டாள். நெஞ்சு நிறைந்துபோய், யாரை இறக்கிவிட்டாலும் சொல்கிற மாதிரியே சொன்னார்:

"சரி தங்கச்சி, போயிட்டு வாங்கோ."

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினார். செத்த வீட்டிலிருந்து புறப்படும்போது வாறன் என்று சொல்லக்கூடாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். போகிற பிரேதத்தைப் பார்த்து வாங்கோ என்று எந்தத் தமிழன் சொல்வான்? அவர் சொல்லிவிட்டார். அதுவும் மனதார.

"என்னப்பா?" மெலிசா ஏறிக் கதவைச் சாத்தினாள். "குளிர் போய்ட்டுது. பாருங்கோ." இடக்கை விரல்களை மடக்கி விரித்துக் காட்டினாள். கன்னத்தில் இரத்தம் ஏறியிருந்தது. அவர் வண்டியைத் திருப்பினார்.

வழி நெடுக மீற்றரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. விளக்கு எரியவில்லை, மணி அடிக்கவில்லை. நடு இருக்கையைத் தடவிப் பார்த்தார். ஹீற்றர் சூடுதான் இருந்தது. வீட்டுக்கு வந்து எஞ்சினை நிறுத்தியபோது, ஒரு வாய்ச் சொல்லில் என்ன இருக்கிறது என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார்.

மெலிசா உள்ளே வந்ததும் ஜாக்கெட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டாள். பசிக்குது அம்மா என்றாள். அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை நாள்! அகஸ்ரின் கண்ணைத் துடைத்துக்கொண்டு கை கழுவப் போனார்.

திரும்பி வந்தபோது அருள்மலர் மேசையில் நாலு தட்டுகள் வைத்துச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆருக்கு நாலாவது?"

"என்ன மனுசனப்பா நீங்கள்," என்றாள் அருள்மலர், கறிச்சட்டியிலிருந்து நிமிராமல். "கூட்டிக்கொண்டு வந்த பிள்ளையை வெளியில பனிக்குள்ள நிக்க விட்டிட்டு, நீங்கள் ரெண்டுபேரும் உங்கட பாட்டுக்கு உள்ள வாறீங்கள். மெலிசாவோட வேலை செய்யிற பிள்ளையாக்கும் எண்டு நினைச்சு, நான்தான் உள்ள வாங்கோ எண்டு கூப்பிட்டு இருத்தினனான்."

மேசையில் மெலிசாவுக்குப் பக்கத்துக் கதிரை சற்றே பின்னால் இழுபட்டிருந்தது. அதில் ஒருவரும் இல்லை. மெலிசா இடக்கையைத் தேய்த்துக்கொண்டே எழுந்துபோய், கழற்றிப் போட்ட ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.