பத்து மணிக்கு மேல்

உப்பளத்து வெள்ளையைப் பத்து மணிக்கு மேல் வெறுங்கண்ணால் பார்த்திருக்கிறீர்களா மக்களே? பார்க்க வேண்டாம். வெயில் மேலே இருந்து ஒரு பங்கு அடித்தால் பாத்தி அதை வாங்கி முகத்தில் திருப்பி அடிக்கும். முத்தையாபுரத்து இசக்கிசெல்வி இருபத்திரண்டு வருஷமாக அந்த வெள்ளையில் உப்பு வாருகிறவள். வலது கண்ணில் சதை வளர்ந்தது. அறுத்து எடுத்தார்கள், மறுபடியும் வளர்ந்து பார்வை முக்கால்வாசி போய்விட்டது. இப்போது இடது கண்ணின் ஓரத்திலும் அரிசி அளவுக்கு ஒன்று தலை காட்டியிருந்தது. அந்த ஒரு கண்தான் அவளுக்கு மிச்சம்.

அவளுடைய வலது கண் போனதைப் பார்த்த பிறகு அந்த அளத்துப் பெண்கள் தங்களுக்கென்று ஒரு வழி வைத்திருந்தார்கள். விடியற்காலை நாலரைக்குப் பாத்தியில் இறங்குவார்கள். பத்து மணிக்குள் வாரிக் குவித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். மருந்தும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் புது மேனேஜர் ராஜதுரை வந்தார். மூட்டை கட்டும் மிஷின் எட்டு மணிக்குத்தான் ஓடும், ஆகவே வேலையும் எட்டிலிருந்து இரண்டு வரை என்று கேட்டில் தாள் ஒட்டினார். வழக்கம் போல நாலரைக்கு வந்தவர்களை வெளியிலேயே உட்கார வைத்தார். அதற்கப்புறம்தான் இசக்கிசெல்வியின் இடது கண்ணில் அந்த அரிசி வந்தது.

கண்ணாடி கொடுத்தார்களே என்பீர்கள். கொடுத்தார்கள். வேர்வையும் உப்புத் தண்ணீரும் பட்டுக் கால் மணி நேரத்தில் மங்கிப்போகிற பிளாஸ்டிக் கண்ணாடி. அதைப் போட்டுக்கொண்டு நடந்த சீனித்தாய் வரப்பில் சறுக்கி விழுந்து முழங்கையைப் பேர்த்துக்கொண்டாள்.

இந்த லட்சணத்தில், சித்திரை மாதம் ஒரு வியாழக்கிழமை, வேலையைப் பாதியில் நிறுத்தி எல்லோரையும் பேக்கிங் ஷெட்டுக்குக் கூப்பிட்டார்கள். ‘இயற்கை முறையில் கண் பாதுகாப்பு’ என்று பேனர் கட்டியிருந்தது. நாசரேத்தில் இருந்து ஜெனிலா என்ற பெண் வந்திருந்தாள். இயற்கை வைத்தியம் படித்தவள். நல்ல பிள்ளைதான், குறை சொல்ல மாட்டேன். முருங்கைக்கீரையும் பொன்னாங்கண்ணியும் சாப்பிடச் சொன்னாள். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக் கண்மேல் பொத்திக் காட்டினாள். சுத்தமான தண்ணீரால் அடிக்கடி முகம் கழுவச் சொன்னாள். பெண்கள் மூலையில் இருந்த டிரம்மைப் பார்த்தார்கள். அந்தத் தண்ணீர் வாய் கொப்பளித்தாலே கரிக்கும். பச்சைப் பசேல் என்று இருக்கிற எதையாவது கொஞ்ச நேரம் பாருங்கள் என்றும் சொன்னாள்.

“இங்கன பச்சைன்னா மேனேஜர் சார் போட்டிருக்க சட்டை ஒண்ணுதான் டீச்சர். அதையே பாத்துக்கிட்டு நின்னா எங்க வீட்டுக்காரரு என்ன நினைப்பாரு?” என்றாள் சீனித்தாய்.

ஷெட்டே சிரித்தது. ராஜதுரையும் சிரித்தார். இசக்கிசெல்வி சிரிக்கவில்லை. எழுந்து நின்று, இதில் எல்லாவற்றையும்விட முக்கியம் எது என்று கேட்டாள். ஜெனிலா யோசிக்கக்கூட இல்லை. காலை பத்தில் இருந்து சாயங்காலம் நாலு வரைக்கும் வெள்ளையில் பட்டுத் தெறிக்கிற வெயிலில் நிற்கவே கூடாது, கீரையும் பயிற்சியும் அதற்குப் பிறகுதான் என்றாள். இவர்களுடைய வேலை நேரத்தை அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

ராஜதுரை உடனே, போட்டோக்காரர் காத்திருக்கிறார், போட்டோ எடுத்துவிடலாம் என்றார். எல்லோரும் பாத்தியோரம் வரிசையாக நின்று உள்ளங்கையால் கண்ணைப் பொத்த வேண்டுமாம். தலைமை ஆபீசுக்கு அனுப்ப வேண்டுமாம். மணி பதினொன்றரை. வெளியே கால் வைத்ததும் அவர் கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். ஜெனிலாவும் மாட்டிக்கொண்டாள்.

இசக்கிசெல்வி நேரே ஜெனிலாவின் முன்னால் போய் நின்றாள்.

“டீச்சர், அந்தக் கண்ணாடியக் கழத்திட்டு ஒரு நிமிசம் இங்கன பாருங்க. எங்களுக்கு வேலை எட்டுல இருந்து ரெண்டு வரைக்கும்.”

ஜெனிலா கழற்றினாள். அரை நிமிடம் தாங்கவில்லை. துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதை ஏன் தன்னிடம் சொல்லவில்லை என்று ராஜதுரையைக் கேட்டாள். அவர் காதில் விழாத மாதிரி, பயிற்சி பெற்றோம் என்று பெண்கள் கையெழுத்துப் போட வேண்டிய தாளை நீட்டினார். அது போகாவிட்டால் தலைமை ஆபீசில் அவர் பாடு திண்டாட்டம்.

தாளை இசக்கிசெல்வி வாங்கிக்கொண்டாள்.

“பயிற்சியில என்ன சொன்னாவன்னு இதுல ஒரு வரி இல்லையே அண்ணாச்சி. கீரை திங்கச் சொல்ல ஆள் கூட்டிட்டு வாரியளே, நாலரைக்குக் கேட்டைத் திறக்க ஒரு ஆள் இல்லையா? டீச்சர் வாயால சொன்னத கையால எழுதட்டும். பொறவு நாங்க போடுதோம்.”

மிஷினை நாலரைக்கு யார் ஓட்டுவது என்று ராஜதுரை எகிறினார்.

“மிஷின் எட்டுக்கே ஓடட்டும். நாங்க வாரிக் குவிச்சு வச்சிருப்போம். அதுக்குக் கண்ணு இல்ல, அது வெயில்ல நிக்கட்டும். எனக்கு இருக்கது ஒரு கண்ணு.”

எழுதிக் கொடுத்தால் இனி எந்த அளத்திலும் கூப்பிட மாட்டார்கள் என்று ஜெனிலாவுக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனாலும் தாளின் தலையில், பத்து முதல் நாலு வரை உப்புப் பாத்தியில் வேலை செய்தால் கண் கெடும் என்று பெரிதாக எழுதித் தன் பெயரைப் போட்டாள். அதற்குக் கீழே இருபத்தேழு பெண்களும் கையெழுத்துப் போட்டார்கள். சீனித்தாய் போனில் அதைப் படம் பிடித்துக்கொண்டாள். ராஜதுரை தாளை வாங்கிக்கொண்டு, அனுப்பவும் முடியாமல் கிழிக்கவும் முடியாமல் நின்றார்.

இசக்கிசெல்வி சேலைத் தலைப்பைப் புருவம் வரைக்கும் இழுத்து விட்டுக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தாள். மற்றவர்களும் நடந்தார்கள். இப்போது போனால் நாளைக்கு வேலை கிடையாது என்று ராஜதுரை பின்னாலிருந்து சொன்னார். அவள் திரும்பாமலேயே பதில் சொன்னாள்.

“நாலரைக்கு வாரோம் அண்ணாச்சி. கேட்டுப் பூட்டியிருந்தா வெளிய வரிசையா நின்னு கண்ணைப் பொத்துதோம். போட்டோக்காரரையும் வரச் சொல்லுங்க.”