முன்னுக்குப் போனவர் காத்திருக்க வேண்டும்

நல்ல தார் ரோட்டு இருக்க, அதை விட்டுவிட்டு அரசாங்கம் கைகழுவிய சரளைக்கல் கிரவல் ரோட்டைத் தேடிப் போய் முதுகு நோகச் சைக்கிள் ஓடுவதற்கும் கொழும்பில் ஆட்கள் இருக்கிறார்கள். ஞாயிறு விடியற்காலையில் வெள்ளவத்தையில் ஒரு வான் வந்து நிற்கும். சைக்கிள்களைக் கூரையில் கட்டி, ஆட்களை உள்ளே அடைத்து, கேகாலைப் பக்கத்து ரப்பர் மேடுகளில் கொண்டுபோய் இறக்கும். இவர்களுக்கு என்ன வியாதி என்று அந்த ஊர்ச் சனங்கள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். வியாதிதான், வேறென்ன.

அந்தக் கூட்டத்துக்குப் பாதை கீறுகிறவன் சஜீத். கிழமை நாட்களில் காலி வீதியில் ஒரு போன் கடையில் உட்கார்ந்து, வருகிறவன் போகிறவன் போனுக்கெல்லாம் கண்ணாடி ஒட்டுவான். கடையில் ஆள் குறைந்ததும் வரைபடத்தைத் திறந்துவிடுவான். எந்த மேட்டில் ஏறினால் எந்தப் பழைய ஊரில் இறங்கலாம், எந்த விகாரைக்குப் பின்னால் வண்டில் பாதை இன்னும் மூடாமல் கிடக்கிறது என்று தேடித் தேடிக் கோடு கீறுவான். கீறியதைக் கூட்டத்தின் போன் குழுவில் எல்லாருக்கும் அனுப்புவான். ஹாண்டிலில் போனைப் பூட்டிக்கொண்டு கோடு போகிற வழியே போகவேண்டியதுதான். அந்த வேலையில் அவன் கெட்டிக்காரன், மறுக்க முடியாது. மற்றதில் எப்படி என்பதைப் போகப் போகப் பாருங்கள்.

கொள்ளுப்பிட்டியில் வெளிநாட்டுக்காரருக்குச் சுற்றுலா நடத்தும் ஷஹீமா மெடத்தின் காதுக்கு இவன் பெயர் எட்டியது. "இந்த ஞாயிறு நானும் வாறேன். பாதையும் ஆக்களும் சரியா இருந்தா, நீங்கதான் இனி எங்கட பாதைக்காரர்" என்றார். அன்றிலிருந்து சஜீத்துக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணாடி ஒட்டுகிற வேலையைத் தலைமுழுகிவிடலாம். ஆனால் நடுவில் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. அந்த முட்டுக்கட்டையின் பெயர் நவரத்தினம்.

நவரத்தினம் கொட்டாஞ்சேனைக்காரர், கப்பல் கம்பனியிலிருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு வீட்டுச் சுவரோடு கதைத்துக்கொண்டிருந்தவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று திரும்பக் கிடைத்தது இந்தக் கூட்டத்தால்தான். எல்லாரிலும் விலை கூடிய சைக்கிள் அவருடையது. எல்லாரிலும் மெதுவாக வருகிறவரும் அவர்தான். மேடு கண்டால் இறங்கி உருட்டுவார். கூட்டத்தில் ஒரு சட்டம் இருந்தது: முன்னுக்குப் போனவர் பின்னுக்கு வருகிறவருக்காகக் காத்திருக்க வேண்டும், தலை எண்ணாமல் வான் நகரக்கூடாது. அந்தச் சட்டத்தால் பலன் கண்டவர் அவர் ஒருவர்தான். அதனால் ஒவ்வொரு கிழமையும் ஒரு டின் நிறைய எள்ளுருண்டை கொண்டுவந்து, "இது என்ர தண்டம் பிள்ளையள்" என்று நீட்டுவார். டின்னைக் காலியாக்கிவிட்டு அவர் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். சஜீத்தும் தின்றான், சிரித்தான்.

சனிக்கிழமை சஜீத் அவருக்குப் போன் எடுத்தான்.

"அங்கிள், நாளைக்கு உங்களுக்கு மட்டும் வேற பாதை ஒண்டு கீறியிருக்கேன். மேடே இல்ல. நீங்கதான் முதல்ல போய்ச் சேருவீங்க. முடியிற இடத்தில ராசா காலத்து அம்பலம் ஒண்டு இருக்கு, வழிப்போக்கர் தங்கிற மடம். அதில இருங்க, நாங்க வாறோம்."

"உண்மையாவோ தம்பி? நான் முதலாவதோ?" கிழவருக்கு நம்ப முடியவில்லை. "அப்ப நாளைக்கு நான் இருந்து உங்களுக்குத் தலை எண்ணுறன்."

பாவம் என்று சஜீத்துக்கு ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. தோன்றியதை ஓரமாக வைத்துவிட்டான். அம்பலம் மலைக்கு அந்தப் பக்கம். மற்றவர்களின் பாதை முடிவது இந்தப் பக்கம். எல்லாம் முடிந்து மெடம் காரில் ஏறிப் போனதும் வானை மலையைச் சுற்றிவிட்டு ஆளை அள்ளிக்கொண்டால் ஆயிற்று. யாருக்கு என்ன நட்டம்?

ஞாயிற்றுக்கிழமை, மெடத்தின் கார் வந்து சேருமுன்னரே கிழவரை அவருடைய பாதையில் அனுப்பிவிட்டான். அன்று அவனுடைய பாதை பாலாக ஓடியது. ரப்பர் காட்டுக்குள் செம்மண் ஏறி இறங்கி, வயல் வரம்பைத் தொட்டு, ஓட்டுக்கூரைப் பழைய வீடுகளுக்கு நடுவே புகுந்து, கல்லுப் பாலம் தாண்டிப் போனது. நிற்கவேண்டிய இடம் ஒன்றும் இல்லை. யாருக்கும் காத்திருக்கவில்லை. மேட்டு உச்சியில் நின்று ஷஹீமா மெடம் "அல்லாஹ், என்ன வடிவு!" என்றபோது வேலை கைக்கு வந்துவிட்டது என்று சஜீத்துக்குத் தெரிந்துவிட்டது.

கடைசி இறக்கத்தில் மழை பிடித்தது. சும்மா தூறல் இல்லை, மலையே கரைந்து வருகிற மாதிரி. நனைந்துகொண்டே வானடிக்கு ஓடி வந்ததும் மெடம் ஒரு பேச்சுக்குக் கேட்டார். "ஒரு ஆள் கொறையிற மாதிரி இருக்கே? கொட்டாஞ்சேனையில இருந்து வயசான ஒருத்தர் வாறதா சொன்னீங்க?"

"அவர் இண்டைக்கு வரல்ல மெடம்" என்றான் சஜீத்.

கூட்டத்தில் இருந்த றஷ்மி அவனை நிமிர்ந்து பார்த்தாள். விடிய அவர் சைக்கிளைக் கூரையில் கட்டக் கை கொடுத்தவள் அவள். அவள் வாயைத் திறக்கவில்லை. மற்றவர்களும் திறக்கவில்லை. எல்லாருக்கும் குளிர், எல்லாருக்கும் பசி.

"அப்ப சரி. நீங்க என்ட கார்ல ஏறுங்க, கொள்ளுப்பிட்டியில போய்ச் சாப்பிட்டுக்கிட்டே கதைப்போம்" என்றார் மெடம்.

மெடத்தின் கண் முன்னால் வானை மலையைச் சுற்ற விட்டால் பொய் வெளுத்துவிடும். சஜீத் வான் சாரதியிடம் போய், "அங்கிள் பஸ்ல ஏறிட்டாராம், நேரா கொழும்புக்கு விடுங்க" என்றான். சைக்கிளோடு எந்த பஸ் ஆளை ஏற்றும் என்று ஒருவரும் கேட்கவில்லை. காரில் ஏறியதும் 'பஸ்ஸில் போங்க அங்கிள், சைக்கிள நாளைக்கு எடுக்கலாம்' என்று ஒரு மெசேஜ் தட்டிவிட்டான். ஒற்றைச் சரி அடையாளம் விழுந்தது. ஆளுக்குப் போய்ச் சேர்ந்ததைக் காட்டும் இரண்டாவது சரி விழவில்லை. அந்தப் பக்கத்தில் சிக்னல் இல்லை என்று பாதை கீறியவனுக்குத் தெரியாதா? தெரியும். போனைச் சத்தமில்லாமல் ஆக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

கொள்ளுப்பிட்டியில் சாப்பிட்டு முடித்து, மெடம் "அப்ப ஒண்ணாம் தேதி வந்துடுங்க" என்று சொல்லிய பிறகுதான் போனை எடுத்துப் பார்த்தான். தெரியாத ஒரு நம்பரிலிருந்து அழைப்புக்கு மேல் அழைப்பு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரும்பவும் வந்தது. கேகாலைப் பக்கத்து பொலிஸ்காரர். "மல்லி", அதாவது தம்பி, என்று தொடங்கி, சிங்களத்தில் படபடவென்று கொட்டினார். உங்கள் கூட்டம் மலையில் காணாமல் போய்விட்டதாக ஒரு பெரியவர் வந்து சொல்லியிருக்கிறார், ஓடை பெருகிக் கிடக்கிறது, ஊர்ச் சனங்கள் கயிறு கட்டி இறங்கித் தேடுகிறார்கள், நீங்கள் எங்கே?

"கொழும்பிலே" என்றான் சஜீத்.

பொலிஸ்காரர் வாய்க்குள் ஏதோ திட்டினார். பிறகு போன் கை மாறியது.

"தம்பி! சஜீத்! இருக்கிறீரோ?" நவரத்தினம் அழுதுகொண்டிருந்தார். "றஷ்மிப் பிள்ளை? டிரைவர்? ஒவ்வொருத்தரின்ர பேரையும் சொல்லும், நான் எண்ண வேணும்."

சஜீத் சொன்னான். ஒவ்வொரு பெயருக்கும் "ஓம்", "ஓம்" என்று அவர் எண்ணிக்கொண்டு வந்தார். அம்பலத்தில் மத்தியானம் வரை எள்ளுருண்டை டின்னை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாராம். ஒரு பஸ் வந்து நின்றதாம், ஏறவில்லையாம். முன்னுக்குப் போனவர் காத்திருக்க வேண்டும் அல்லவா? மழை விடாததைப் பார்த்து, பிள்ளைகளுக்கு ஏதோ நடந்துவிட்டது என்று பயந்து மலைப் பாதையில் ஏறினாராம். கிரவல் சறுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்து தொங்குகிறது. அந்தக் கையோடு நடந்துதான் பொலிசுக்குப் போயிருக்கிறார்.

"அப்ப சரி தம்பி. எல்லாரும் இருக்கிறியள், அது காணும்." மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்: "வான் வெளிக்கிடேக்க தலை எண்ணினனீங்களோ?"

"எண்ணினோம் அங்கிள்."

"என்னையும் சேத்தோ?"

சஜீத் போனை வைத்துவிட்டான். வெட்கம் கெட்ட முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கிழவர் போனில் உரத்துச் சொன்ன மேடில்லாத பாதை, அம்பலம் எல்லாம் எதிரே இருந்த மெடத்துக்கும் கேட்டிருந்தது. வேலை போயிற்று என்று அவன் எண்ணிக்கொண்டிருக்கும்போது அவர் கேட்டார்.

"அந்த மெதுவான ஆளுக்குத் தனிப் பாதை கீறினது நீங்களா?"

"ஓம் மெடம்."

"அவருக்குச் சந்தேகமே வரல்லயா?"

"வரல்ல."

மெடம் சிரித்தார். "கஸ்டமர்லயும் இப்பிடி ரெண்டு மூணு பேர் வருவாங்க. அவங்களால மத்த ஆக்கள் லேட். அவங்க மனசும் நோகாம ஒதுக்கத் தெரிஞ்ச ஒருத்தரத்தான் நான் தேடினேன்."

முதலாம் தேதி சஜீத் வேலையில் சேர்ந்தான். இப்போது ஓட மாட்டாத வெள்ளைக்காரர் யாராவது வந்தால், "நீங்கள்தான் முதலாவது" என்று சொல்லி, மேடில்லாத பாதையில் அந்த அம்பலத்துக்கு அனுப்பி, கையில் தேங்காயெண்ணெயில் பொரித்த ஒரு பலகாரமும் இளநீரும் கொடுத்து இருத்திவிடுகிறார்கள். வரைபடத்தில் அந்த இடத்துக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. சஜீத் யோசிக்காமல் 'நவரத்தினம் அம்பலம்' என்று போட்டுவிட்டான். யார் அந்த நவரத்தினம் என்று விருந்தாளிகள் கேட்டால், ராசா காலத்து மந்திரி, மலைக்குள் போன தன் படைக்காக இதே இடத்தில் காத்திருந்து செத்துப்போனவர் என்று கதை சொல்கிறார்கள். அவர்களும் பக்தியோடு தொப்பியைக் கழற்றிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

மந்திரி கொட்டாஞ்சேனையில்தான் இருக்கிறார். பிரேக் பிடிக்க அந்தக் கை வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை விடிய எழும்பி, 'பிள்ளையள், கவனமாப் போயிட்டு வாங்கோ. தலை எண்ண மறக்க வேண்டாம்' என்று இடது கையால் தட்டித் தட்டிக் கூட்டத்தின் போன் குழுவுக்கு மெசேஜ் அனுப்புகிறார். அது ஒற்றைச் சரியோடு நிற்கிறது. அந்தக் குழுவில் இப்போது அவரைத் தவிர ஒருவரும் இல்லை. மற்றவர்கள் எல்லாரும் சஜீத் தொடங்கிய புதுக் குழுவுக்குப் போய்விட்டார்கள்.