மேல்காற்று அடிக்கும் ஏரி

நெலிதா, மலையடிவார ஏரிக்கரை ஊரான பரிலோச்சேயில் பிறந்தவள். சன்னலைத் திறந்தால் நாவெல் வாப்பி ஏரி தெரியும் வீட்டில் வளர்ந்தவள். இருந்தும் நாற்பத்தாறு வயது வரை அந்த ஏரியில் அவள் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. அவளுக்கு மருந்துக்கடையில் வேலை. கோடை வந்தால் யாராவது ஒருவன் படகோடு கவிழ்ந்த செய்தியும், பனி உருகி வந்த தண்ணீரில் கைகால் விறைத்துப்போன செய்தியும் ஊருக்குள் பரவுமுன் அவள் காதுக்கு வந்துவிடும்.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகள் அயெலேன் மாத்தே மூலிகைத் தேநீர்க் குவளையை ஒதுக்கி வைத்துவிட்டு ஏரியின் வரைபடத்தை மேசை முழுக்க விரித்தபோது நெலிதா நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். சனவரிக் கோடையில் கயாக்கில், அந்த ஒற்றையாள் துடுப்புப் படகில், கிளம்புவாளாம். கரையை ஒட்டியே ஏரி முழுவதையும் சுற்றுவாளாம். இருட்டும் இடத்தில் கூடாரம் போட்டுப் படுத்துக்கொள்வாளாம்.

"யார்கூட?"

"லுதுமிலாகூடத்தான் போறதா இருந்துச்சு. அவ படிக்க கொர்தோபா போயிட்டா. நான் மட்டும் போறேன்."

நெலிதா சண்டை போடவில்லை. சண்டை போட்டால் இவள் நாளைக்கே கிளம்பக்கூடியவள் என்று அவளுக்குத் தெரியும். "நானும் வர்றேன்" என்றாள். அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே புரியவில்லை.

அயெலேனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. "நீயா? குளிக்கிற தொட்டி ரொம்பினாலே கத்துவியேம்மா."

"கத்திக்கிட்டே வர்றேன். உனக்கென்ன?"

அன்றிலிருந்து சாப்பாட்டு மேசை வரைபடத்துக்குச் சொந்தமாகிவிட்டது. எந்தக் கரையில் இறங்கலாம், எங்கே பாறை செங்குத்தாக இறங்கி ஒதுங்க இடமில்லாமல் போகும், எவ்வளவு பருப்பு, எத்தனை உலர்ந்த சலாமி இறைச்சி என்று அயெலேன் பேசிக்கொண்டே போவாள். காலையிலேயே கிளம்பி, மேற்கிலிருந்து மேல்காற்று எழும்புமுன் கரையேறிவிட வேண்டும் என்பாள். கரைக்காவல் அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்பாள். நெலிதா தலையாட்டுவாள். ஆனால் மகளின் விரல் நீலத்தில் எங்கே போய் நின்றாலும், செத்தால் அங்கேதான் என்று அவள் மனசு சொல்லும். ஏரி தன் நீண்ட கைகளை மலைகளுக்குள் நீட்டியிருந்த இடங்கள்தான் அவளை அதிகம் பயமுறுத்தின. அங்கெல்லாம் ஒரு கரையை விட்டு எதிர்க்கரைக்குக் குறுக்கே போக வேண்டும். அந்த நடுவெளியில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

படகுகளை வாடகைக்கு விடும் வென்செஸ்லாவோ இருவரையும் ஆழமில்லாத தண்ணீரில் கவிழ்த்துப் பழக்கினான். கவிழ்ந்தவள் தன் படகை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றவள் அதன் மூக்கைத் தன் படகின் மேல் இழுத்துத் தலைகீழாகச் சாய்த்துத் தண்ணீரை வடிக்க வேண்டும். பிறகு பக்கத்தில் வைத்து இறுகப் பிடித்துக்கொண்டு, விழுந்தவளை ஏறச் செய்ய வேண்டும். ஒவ்வொரு முறை குளிர்நீர் முகத்தை மூடும்போதும் நெலிதாவுக்கு மூச்சு நின்று நின்று வந்தது. ஆனாலும் மறுபடி செய்தாள்.

வென்செஸ்லாவோ அயெலேனிடம் சொன்னான்: "உங்கம்மா பயந்தாங்கொள்ளிதான். ஆனா சொன்னதைச் செய்றாங்க. நீ பாதி கேக்கறதுக்குள்ள தலையாட்டிடுற."

ஒத்திகையாக ஊவெமுல் தீவு வரை போய்த் திரும்புவது என்று முடிவாயிற்று. போகும்போது ஏரி எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. தீவில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றார்கள். நெலிதா சீக்கிரம் கிளம்பலாம் என்றாள். அயெலேனோ, வெயில் நன்றாக இருக்கிறது என்று பாறையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

திரும்பும் வழியில் மேற்கே தண்ணீரின் நிறம் கறுத்தது. நெலிதா முதலில் மேகத்தின் நிழல் என்று நினைத்தாள். நிழல் அவர்களை நோக்கி ஓடிவந்தது. வந்து சேர்ந்ததும் அலைகள் பக்கவாட்டில் எழும்பிப் படகைத் தூக்கித் தூக்கிப் போட்டன. துடுப்பைக் காற்று பிடுங்கியது. கரை அங்கேயேதான் இருந்தது; நெருங்கவே இல்லை. நெலிதா வாய்விட்டு மரியன்னையைக் கூப்பிட்டுக்கொண்டே துடுப்பு போட்டாள். ஒருமுறை பக்கத்தில் பார்த்தாள். மகளின் படகு வயிற்றைக் காட்டி மிதந்தது. மகளைக் காணவில்லை.

அந்தக் கணம் எவ்வளவு நீண்டது என்று பின்னால் கேட்டபோது அவளால் சொல்ல முடியவில்லை. அயெலேனின் தலை மேலே வந்தது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. கண்கள் யாரையும் பார்க்கவில்லை. ஒரு கை படகைத் தொட்டுத் தொட்டு நழுவியது.

"படகைப் பிடிடி! என்னைப் பாக்காத, படகைப் பிடி!"

எப்படித் திரும்பினாள், எப்படி அந்த மூக்கை இழுத்துத் தன் படகின்மேல் போட்டாள் என்று நெலிதாவுக்கு நினைவில்லை. பயம் போகவில்லை. பழகிய வேலையை மட்டும் கைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தன. அயெலேன் முதல் தடவை ஏற முடியாமல் வழுக்கி விழுந்தாள். "என்னால முடியலம்மா" என்றாள், சின்னப் பிள்ளைக் குரலில். "முடியலன்னா முடியாமலே ஏறு. காலைப் போடு" என்றாள் நெலிதா. இரண்டாம் தடவை ஏறிவிட்டாள். இரண்டு படகுகளையும் சேர்த்துப் பிடித்தபடி காற்று தள்ளிய பக்கம் போய், யாருடைய தோட்டத்துக்குக் கீழேயோ கூழாங்கல் கரையில் ஒதுங்கினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் வரைபடத்தை மடித்து உள்ளே வைத்தது அயெலேன்தான். ஏரிச் சாலையை விட்டுவிட்டு மேட்டுத் தெரு வழியாகக் கல்லூரிக்குப் போக ஆரம்பித்தாள். கயாக் பேச்சை எடுத்தால் தலைவலி என்றாள். நெலிதா வேண்டிக்கொண்டதெல்லாம் கிடைத்துவிட்டது. ஆனால் நிம்மதி வரவில்லை. மகள் சன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்தபோது அவளுக்கு வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. இது எப்படி வளரும் என்று அவளுக்குத் தெரியும். இதோடுதானே இத்தனை வருடம் வாழ்ந்திருக்கிறாள்.

ஒரு சாயங்காலம் மருந்துக்கடையிலிருந்து நேரே வென்செஸ்லாவோவிடம் போய்ப் புதிதாக ஒரு பயணம் பேசி முடித்தாள். ஏரி முழுக்கச் சுற்றுவதில்லை. பக்கத்துக் கரையோரமாக மூன்று நாள். குறுக்கே எங்கும் கடப்பதில்லை. வீட்டுக்கு வந்து இதை மகளிடம் சொன்னபோது அவள் நிமிரவில்லை.

"எனக்கு பயமா இருக்கும்மா."

"எனக்கும்தான். பயம் போகட்டும், அப்புறம் போலாம்னு இருந்தா, நான் இன்னும் கரையிலதான் நின்னுட்டிருப்பேன்."

பிப்ரவரியில் போனார்கள். இரண்டாம் நாள் முழுக்கக் காற்று அவர்களைக் கரையை விட்டு நகர விடவில்லை. கூடாரத் துணி படபடக்க, உள்ளே தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, ஆறிப்போன பருப்பைத் தின்றார்கள். அலைச் சத்தம் கேட்கும்போதெல்லாம் இருவரில் ஒருத்தி வெளியே எட்டிப் பார்த்தாள்; மற்றவள் என்ன பார்த்தாய் என்று கேட்கவில்லை. மறுநாள் விடியலில் ஏரி அடங்கியிருந்தது. அயெலேன் தண்ணீரருகே வெகுநேரம் நின்றாள். பிறகு அவளே முதலில் படகைத் தள்ளினாள்.

ஊர்க்கரையில் வந்து இறங்கியபோது நெலிதாவின் விரல்கள் துடுப்பை விட மறுத்தன. குளிரா, பயமா, அவளுக்கே தெரியவில்லை. அயெலேன் குனிந்து, அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.