கஸ்பாருக்குப் பொட்டி சொல்லியாச்சு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறந்ததல்ல. டாக்டர்கள் கொண்டுவரும் மலர் ஒன்றுக்கு, ‘குடும்ப மருத்துவர்களுக்கு முதியோர் பராமரிப்பில் பயிற்சி’ என்று ஒரு கட்டுரை கேட்டார்கள். எழுதினேன். படித்துப் பார்த்தால் எனக்கே கொட்டாவி. எழுதின ஆளுக்கே கொட்டாவி வந்தால் படிக்கிறவர் என்ன பாவம் செய்தார்? கிழித்துப் போட்டுவிட்டு, அதில் ஒரே ஒரு வரியில் வந்துபோன ஞானமேரியை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்: 1974ஆம் வருடத்துக் கோடையில் மரக்காணம் உப்பளங்கள் வெள்ளித் தகடாக மின்னிக்கொண்டு—

வேண்டாம். உச்சி வெயிலில் உப்பளத்துப் பக்கம் போனவர் எவரும் வெள்ளியைப் பற்றிப் பேச மாட்டார். கண்ணை மூடிக்கொள்வார்.

இரண்டாம் தொடக்கம்: மரணம் என்பது—

ஐயையோ!

மூன்றாவது: டாக்டர் ஞானமேரிக்கு அன்றைக்கு நல்ல பசி.

இது நிற்கும். குடும்ப டாக்டராகப் பயிற்சி எடுக்க வந்தவள் அவள். பிரசவம் பார்ப்பதென்றால் அவளுக்கு உயிர். ஆனால் பயிற்சியில் வயசானவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் வேலையையும் சேர்த்திருந்தார்கள். மூட்டுவலி, மலச்சிக்கல், மருமகள் புகார். அவளுக்குச் சலிப்பு. சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரம் பார்த்து மரியதாஸ் வந்து நின்றான்.

“டாக்டரம்மா, எங்கப்பா கஸ்பாரு இழுத்துக்கிட்டு கெடக்குறாரு. ஒரு எட்டு வந்து பாத்துட்டு, எப்ப போவும்னு சொல்லிட்டீங்கன்னா போதும். கூனிமேட்டுலேர்ந்து, பிரம்மதேசத்துலேர்ந்து சொந்தக்காரங்க எல்லாம் வந்து உக்காந்துக்கிட்டு இருக்காங்க.”

“வைத்தியம் எதுவும் பண்ணலையா?”

“சாமியார் வந்து அவஸ்தை பூசிட்டுப் போய்ட்டாரு. பொட்டிக்கும் சொல்லியாச்சு.”

(வாசகருக்கு இரண்டு வார்த்தை. பொட்டி என்றால் சவப்பெட்டி. சாகக் கிடப்பவருக்குச் சாமியார் எண்ணெய் பூசி ஜெபிப்பதுதான் அவஸ்தை. அதைப் பூசிக்கொண்ட பிறகும் ஒருவர் எழுந்து நடமாடினால் சாமியாருக்கே மரியாதைக் குறைச்சல் என்பதுபோல அந்த வீட்டில் ஒரு நினைப்பு. சாமியார் அப்படிச் சொல்லவே இல்லை, பாவம்.)

கஸ்பார் ஆயுசு பூராவும் உப்பு வாரினவர். பாயில் புரண்டுகொண்டிருந்தார். கண் எங்கேயோ நிலைகுத்தியிருந்தது. கை மட்டும் வேட்டியைப் பிடித்துப் பிடித்து இழுத்தது. அவஸ்தை பூசியும் உயிர் அடங்காவிட்டால் ஏதோ ஆசை பாக்கி என்று அர்த்தம். அவருக்கு என்ன ஆசை இருக்கும்? மண்ணாசைதான். மருமகள் ஆனந்தம்மாள், சாமியாருக்குத் தெரியாமல், அவர் வேலை செய்த உப்புப் பாத்தியிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துவந்து தண்ணீரில் கரைத்து வைத்திருந்தாள். வந்த சொந்தமெல்லாம் ஆளுக்கு ஒரு மடக்கு ஊற்றியது. உப்புத் தண்ணீர், உதடு காய்ந்தது. அதைப் பார்த்து இன்னும் ஊற்றினார்கள். ஊற்ற ஊற்ற அவர் அதிகமாகத் துடித்தார்.

“பாருங்க, மண்ணு எப்பிடிப் புடிச்சு இழுக்குதுன்னு!” என்று ஆனந்தம்மாள் மூக்கைச் சிந்தினாள்.

ஞானமேரி நாடி பார்த்தாள். “ஒண்ணுக்குப் போறாரா?” என்று மகனைக் கேட்டாள்.

“போறாரான்னா கேக்குறீங்க! வேட்டி நனைஞ்சுக்கிட்டேதான் இருக்குது.”

“வயசாயிடுச்சு. நல்லாப் பாத்துக்குங்க,” என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

3

எனக்கு இவள்மேல் கோபம் கோபமாக வருகிறது. படித்த பெண் செய்கிற காரியமா இது? இவளை விட்டுவிட்டு வேறு டாக்டரைக் கொண்டுவரலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் வருகிற டாக்டரும் இதையேதான் செய்வார். எண்பது வயது என்றதுமே பாதிப் பேருக்கு வைத்தியம் மறந்துவிடுகிறது.

எப்படியும் அவள் திரும்பி வர வேண்டும். எதனால் வருகிறாள்? மனசாட்சி உறுத்தி என்று எழுதினேன்; நம்பும்படி இல்லை. மாதாவின் குரல் கேட்டு— அடித்துவிட்டேன்.

பயந்துபோய்த் திரும்பினாள். அதுதான் நடந்தது. வாரா வாரம் திங்கட்கிழமை, பயிற்சி கொடுக்கும் டாக்டர் ராஜாங்கம் எல்லோர் முன்னாலும் நிறுத்திவைத்துக் கேட்பார்: “வீட்டுக்காரங்க சொன்னது இருக்கட்டும். அந்தப் பெரியவர் என்ன சொன்னாரு?” உப்பள வரப்பில் பாதி தூரம் போனவளுக்கு அது நினைவு வந்தது. பெரியவரிடம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. வந்த வழியே திரும்பி நடந்தாள்.

4

“எல்லாரும் வெளிய போங்க.”

ஆனந்தம்மாள் மறித்தாள். “போற உசுரு பக்கத்துல ஆள் இல்லாம போகலாமாம்மா?”

“போச்சுன்னா நானே கூப்புடுறேன். போங்க.”

கதவைச் சாத்திவிட்டு அவர் காதருகில் குனிந்தாள். “தாத்தா, உங்களுக்கு என்ன செய்யுது?”

கஸ்பாரின் கண் முதலில் கதவைப் பார்த்தது. சாத்தியிருக்கிறதா என்று பார்த்தது! பிறகு அவளைப் பார்த்துத் தயங்கியது.

“பொம்பளப் புள்ளகிட்ட... எப்பிடிம்மா...”

“நான் டாக்டர் தாத்தா. வெக்கப்படாதீங்க.”

அவர் அவள் கையை எடுத்துத் தன் அடிவயிற்றில் வைத்தார். தேங்காய் மாதிரி கெட்டியாக இருந்தது. ஞானமேரிக்கு முகமெல்லாம் எரிந்தது. வயிற்றைத் தொட்டே பார்க்காமல் அல்லவா போனாள்! மூத்திரம் முழுக்க அடைத்துப்போய், நிரம்பி வழிந்த சொட்டுதான் வேட்டியை நனைத்திருக்கிறது. ஊர் கூடி ஊற்றிய தண்ணீர் எல்லாம் உள்ளே நிற்கிறது. மகன், மருமகள், சம்பந்தி எல்லாம் சுற்றி மண்டியிட்டு ஜெபமாலை சொல்லும்போது மனுஷன் எதை வாய்விட்டுச் சொல்வார்?

பையில் மூத்திரம் எடுக்கும் ரப்பர் குழாய் இருந்தது. அடுப்பில் கொதிக்கவைத்து உள்ளே செலுத்தினாள். கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டாள். ஒரு குண்டான் நிறைந்தது. இன்னொரு குண்டான் கேட்டாள்.

“அம்மாடி... தெய்வமே...” என்று கஸ்பார் நீளமாக மூச்சு விட்டார். அவளும் அப்போதுதான் மூச்சு விட்டாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

5

தூங்கி எழுந்த கஸ்பார், சாயங்காலம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

“ஏன்டா, இத்தினி பேரு எதுக்கு வந்திருக்காங்க?”

மரியதாஸ் முந்திக்கொண்டான். “சும்மா... உன்னப் பாக்கத்தாம்பா.”

“பாத்தாச்சுல்ல? சாப்ட்டுப் போகச் சொல்லு.”

ஆனந்தம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். “மண்ணக் கரைச்சு ஊத்திட்டேனே மாமா, பாவி நானு!”

“அதானா? வாயெல்லாம் நறநறன்னு இருக்குதேன்னு பாத்தேன்.”

வீடே கொல்லென்று சிரித்தது. ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தார்கள்.

6

அ) அதற்குப் பிறகு கஸ்பார் பல வருடங்கள்—

ஆ) புதுச்சேரிக்குக் கூட்டிப்போய் ஆபரேஷன் செய்து, ஆனால் மழைக்காலத்தில்—

இ) சொல்லிவைத்த பொட்டியில் கடைசியில்—

மூன்றையும் அடித்துவிட்டேன். அப்புறம் என்ன ஆச்சு, எப்ப போனார் என்றுதானே கேட்கப் போகிறீர்கள்? கூனிமேட்டுச் சொந்தக்காரர்கள் மாதிரி நீங்களும் வந்து உட்கார்ந்துகொண்டு ‘எப்ப, எப்ப’ என்றால் எப்படி? ஒரு வீடே சேர்ந்து முடிவு கட்டின மனுஷனுக்கு நானும் ஒன்று கட்ட மாட்டேன். அவர் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறார். இனி என்ன வேண்டும் என்று அவரையே கேளுங்கள். கதவைச் சாத்திவிட்டுக் கேளுங்கள்.