சுவரிடம் சொன்ன வைத்தியம்

என் ஓரகத்தியும் நானும் பேசிக்கொள்வதில்லை என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. அவர் பேசுவார், ஆனால் என்னிடம் அல்ல. சமையலறைச் சுவரிடம் பேசுவார், குளிர்சாதனப் பெட்டியிடம் பேசுவார், அடுப்பில் பொங்கும் பாலிடம் பேசுவார். சொல்ல வேண்டியது எனக்குத்தான். நானும் காதில் விழாதது போல முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவேன்.

சண்டை துணி காயப்போடும் கொடியில் ஆரம்பித்தது. மாடியில் அவர் விரித்திருந்த போர்வையைக் கொஞ்சம் ஓரமாகத் தள்ளிவிட்டு என் சீருடையைத் தொங்கவிட்டேன். போர்வை கீழே விழுந்து மண்ணானது. அவர் ஒன்று சொன்னார், நான் இரண்டு சொன்னேன். யார் முதலில் பேசுவது என்கிற வீம்பில் நாட்கள் போய், வீம்பே பழகிவிட்டது. எங்கள் கணவர்களான அண்ணன், தம்பி இருவரும் எங்களுக்கு நடுவில் தபால்காரர் வேலை பார்த்தார்கள். ஒரே வீடு, ஒரே சமையலறை, ஒரே குளியலறை. வேறு என்ன செய்ய முடியும்?

நான் ஒரு நகைக்கடையில் மோதிரப் பிரிவில் விற்பனைப் பெண். கடையில் என் பட்டப்பெயர் காந்தம். என் எதிரில் உட்கார்ந்தவர் வாங்காமல் எழுந்து போனது அபூர்வம். தற்பெருமையாகத் தோன்றினாலும் அது நிஜம். விரலைப் பார்த்ததும் அளவு சொல்வேன். முகத்தைப் பார்த்ததும் எந்தக் கல் என்று சொல்வேன். கறுப்பு வெல்வெட் தட்டில் மோதிரத்தை வைத்து, விளக்கின் கீழ் மெதுவாகத் திருப்பிக் காட்டும்போது எனக்கே ஒரு சந்தோஷம் வரும். அந்த நாற்காலி போனால் நான் பாதியாகிவிடுவேன்.

அந்தத் தட்டில்தான் என் மானம் கப்பலேறியது. ஒரு நாள் நான் குனிந்து ஒரு மோதிரத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். தலையிலிருந்து பொடிப்பொடியாக வெள்ளையாக ஏதோ வெல்வெட்டில் உதிர்ந்தது. எதிரிலிருந்த அம்மாள் அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"இதுவும் மோதிரத்தோட சேர்த்துக் குடுக்கறதா?" என்று கேட்டார்.

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். வேறு வழி?

எனக்குப் பொடுகு வந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். பொடுகு என்றால் அழுக்கு, அழுக்கு என்றால் கழுவ வேண்டும். என் கணக்கு அவ்வளவுதான். குளியலறை அலமாரியில் அக்காவின் பொடுகு ஷாம்பு இருந்தது. ஓரகத்தியை அக்கா என்றுதான் கூப்பிடுவேன், கூப்பிட்ட காலத்தில். அவருக்குப் பொடுகு உண்டு என்பதும் அது அடங்கியதும் எனக்குத் தெரியும். எப்படிப் போட்டுக்கொண்டார் என்று கேட்டிருந்தால் வாயில் இருந்த முத்து உதிர்ந்துவிடாது. கேட்கவில்லை. பெயரைப் பார்த்துவைத்து அதே ஷாம்பு வாங்கினேன்.

காலையில் ஒரு தலைக்குளியல், வேலை முடிந்து வந்ததும் இன்னொன்று. தண்ணீர் எவ்வளவு சூடோ அவ்வளவு நல்லது என்று ஹீட்டரை முழுக்கத் திருகினேன். குளித்து வந்ததும் தலைத்தோல் சுருங்கி இழுத்துப் பிடிக்கும், ஊசி குத்துவது போல அரிக்கும். அரித்த இடத்தில் சொறிவேன். உதிர்வது குறையவில்லை, கூடியது.

இந்தச் சமயத்தில்தான் அக்கா சுவரிடம் அதிகமாகப் பேச ஆரம்பித்தார்.

"சில பேர் தலைக்குக் குளிக்கறாங்களா, தலைய வேக வைக்கறாங்களான்னே தெரியல" என்றார் ஒரு நாள். நான் வெந்நீரைத் தீர்த்துவிடுகிறேன் என்று குத்திக்காட்டுகிறார் என நினைத்தேன்.

"தலை என்ன தரையா, பொழுதன்னைக்கும் கழுவிக்கிட்டு இருக்க?" என்றார் இன்னொரு நாள். குளியலறையை நான் பிடித்துக்கொள்கிறேனாம்.

"ஒருத்தர் மூக்குக்கண்ணாடிய இன்னொருத்தர் வாங்கி மாட்டினா கண்ணு தெரிஞ்சிருமா?" இது அந்த ஷாம்புவுக்கு. எனக்குச் சுருக்கென்றது. பாட்டிலைக் கொண்டுபோய் என் அறையில் வைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் கீல் உரசிக் கிறீச்சிட்ட கதவுக்கு எண்ணெய் விட்டபடியே, "காஞ்சா எதுவும் கத்தத்தான் செய்யும். ரெண்டு சொட்டு விட்டா அடங்கும்" என்றார். நான் கத்துகிறவள் என்கிறார் என்று அன்று முழுக்கப் பொருமினேன். என் கணவரிடம் கொட்டித் தீர்த்தேன்.

"அண்ணி கதவத்தானே சொன்னாங்க" என்றார் அவர். அவருக்கு எதுவும் புரியாது என்று விட்டுவிட்டேன்.

கடையில் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர்தான். மேஜை மேலிருந்த பேனாவைத் திருப்பித் திருப்பி வைத்துவிட்டுச் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. புது வடிவங்க வரப்போகுது. அதுக்குள்ள இது சரியாகலன்னா, கொஞ்ச நாள் உள்ளே பேக்கிங்ல இருங்க."

கொஞ்ச நாள் என்று உள்ளே போனவர்கள் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது, பேச ஆளும் கிடையாது. பெட்டியை மடித்து நாடா கட்ட வேண்டியதுதான். காந்தம் அங்கே எதை இழுக்கும்? கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு, முகம் கழுவி, நேரே தோல் டாக்டரிடம் போனேன்.

டாக்டர் என் வகிட்டைப் பிரித்து, விளக்கு வைத்த கண்ணாடியால் பார்த்தார். எங்கே வேலை என்று கேட்டார். நாள் முழுக்க ஏசி, தலைக்கு மேலே விளக்குகள் என்றேன். எப்படிக் குளிக்கிறீர்கள் என்று கேட்டார். பெருமையாகச் சொன்னேன்.

"இது பொடுகு இல்லம்மா. தலைத்தோல் காஞ்சு போயிருக்கு" என்றார். "இருக்கற கொஞ்ச எண்ணெய்ப் பசையையும் நீங்களே கழுவி விட்டுட்டீங்க. முதல்ல அந்தக் கொதிக்கற தண்ணிய விடுங்க. வெதுவெதுன்னு இருந்தா போதும். வாரத்துக்கு ரெண்டு தடவை குளிங்க. இந்த ஷாம்பு உங்களுக்கானது இல்ல, வாசனை இல்லாத மென்மையான ஒண்ணு எழுதித் தரேன். நுரை தங்காம நல்லா அலசுங்க. குளிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு சொட்டு எண்ணெய விரல் நுனியால தடவுங்க, நகம் படக்கூடாது. அப்பவும் குறையலன்னா திரும்பி வாங்க, வேற என்னன்னு பாக்கலாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க வந்தது.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல டாக்டர். எங்க வீட்டுச் சுவர் இதையேதான் சொல்லிட்டு இருந்துச்சு."

டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வெளியே வந்து பேருந்துக்கு நிற்கும்போது சிரிப்பு நின்றுவிட்டது. தலையை வேக வைப்பது, தரை போலக் கழுவுவது, அடுத்தவர் கண்ணாடி, இரண்டு சொட்டு எண்ணெய். ஒன்றுகூடக் குத்தல் இல்லை. அத்தனையும் வைத்தியம்.

வீட்டுக்குப் போனபோது அக்கா காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"அக்கா, தலைக்குக் கொஞ்சம் எண்ணெய் வெச்சு விடறீங்களா?"

அவர் முதலில் எனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாராவது நிற்கிறார்களா என்று. பிறகு கத்தியை வைத்தார், கை கழுவினார், ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். எண்ணெயைக் கரண்டியில் லேசாகச் சூடு காட்டி, விரல் நுனியால் வகிடு வகிடாகத் தொட்டு வைத்தார். எவ்வளவோ நாட்களாக எரிந்துகொண்டிருந்த தலை அது. உச்சி குளிர்ந்தது என்று சொல்வார்களே, அன்றைக்குத்தான் அனுபவித்தேன்.

"உங்களுக்கு எப்படிக்கா தெரிஞ்சுது?"

"தலையணை உறையெல்லாம் நான்தானே துவைக்கறேன்? என்னோடது பொடுகு. மஞ்சளா, பிசுக்கா உறையோட ஒட்டிக்கும். உன்னோடத உதறினா மாவு மாதிரி பறக்குது. அப்பவே இது வேறன்னு தெரிஞ்சுபோச்சு." உடனே, "சொறியாதே" என்றார். என் கை அனிச்சையாக மேலே போயிருந்தது. அதை மெதுவாக இறக்கிவிட்டார்.

அதன் பிறகு ஹீட்டரின் திருகு என் வசம் இல்லை. தண்ணீரை அக்காவே கை விட்டுப் பார்த்து, "இப்ப போ" என்பார். இடையில் ஒரு நாள் ஆசைப்பட்டு மாலையில் தலைக்கு ஊற்றப்போனேன், கதவைத் தட்டி வெளியே கூப்பிட்டுவிட்டார். முதலில் தலைத்தோலின் இழுப்பு விட்டது, பிறகு அரிப்பு. உதிர்வது எப்போது நின்றது என்று கவனிக்கக்கூட இல்லை.

புது வடிவங்கள் வந்த அன்று மேனேஜர் என் பின்னால் நின்று தட்டைப் பார்த்தார். நான் குனிந்தேன், நிமிர்ந்தேன், மறுபடி குனிந்தேன். வெல்வெட் கறுப்பாகவே இருந்தது. "நீங்க இங்கேயே இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று முதலில் வந்தவரையே இரண்டு மோதிரம் வாங்க வைத்தேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் அக்காவிடம்தான் சொன்னேன். என் கணவருக்கே அப்புறம்தான்.

"நல்லதாப் போச்சு" என்றார் அக்கா. "அந்த டாக்டருக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லிடு."

"சொல்றேன்க்கா. ஆனா அவங்க ஒரே ஒரு தடவைதான் சொன்னாங்க. நீங்க எத்தனை தடவை சொன்னீங்க."

அக்கா கையிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"உன் காதுல விழுதான்னே எனக்குத் தெரியாது. நீ பாட்டுக்கு மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிடுவே. என்னைக்காவது ஒரு நாள் விழட்டும்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்."

நானாக இருந்தால் இரண்டாவது நாளே, எக்கேடு கெட்டால் எனக்கென்ன என்று விட்டிருப்பேன். பதிலே பேசாத ஒருத்திக்காக இந்த மனுஷி இவ்வளவு நாள் வாய் வலிக்கப் பேசியிருக்கிறார்.

"எல்லாம் விழுந்துச்சுக்கா" என்றேன். "ஒண்ணு விடாம விழுந்துச்சு."