நாலில் ஒன்று

அண்ணன் வீட்டுச் சமையலறை ஜன்னலோரம் இரும்புச்சத்து டானிக் புட்டி நின்றிருந்ததைப் பார்த்ததும் டெர்வ்லாவுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. மூடியைத் திறந்து மிச்சமிருந்ததை அப்படியே பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்தாள்.

"ஏய், ஏய்! காசு கொடுத்து வாங்கினது!" என்று மாலக்கி நாற்காலியிலிருந்து எழப் பார்த்தான். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. மறுபடி உட்கார்ந்துகொண்டான்.

"எதுக்கு வாங்கின?"

"அசதியா இருக்குன்னு வாங்கினேன். அசதிக்கு இரும்பு. ஊருக்கே தெரியும்."

"உனக்கு உடம்பு பூரா இரும்பு மாலக்கி. அதனாலதான் அசதியே. எத்தனை தடவை சொல்றது?"

அயர்லாந்தின் பாலினமோர் ஊரில் முடி திருத்தும் கடை வைத்திருந்தாள் டெர்வ்லா. நாள் முழுக்கப் பேச்சுதான் தொழில். பிடிவாதமான கிழவிகளிடம்கூடப் பேசிப் பேசியே நரைக்குச் சாயம் பூசவைத்தவள். அண்ணனிடம் மட்டும் அவள் வாய் எடுபடவில்லை. அஞ்சு வருஷமாக எடுபடவில்லை.

அவளுக்கு இந்த இரும்பு வியாதி முதலில் வெறும் களைப்பாகத்தான் வந்தது. ரத்தத்தைச் சோதித்த டாக்டர் மரபணுச் சோதனைக்கும் எழுதிக் கொடுத்தார். எச்.எஃப்.இ என்று ஒரு மரபணு. அப்பாவிடமிருந்து வந்த பிரதியிலும் அம்மாவிடமிருந்து வந்த பிரதியிலும் ஒரே இடத்தில் ஒரே எழுத்துப் பிழை. அயர்லாந்தில் இது பரவலாக இருக்கிறது, கூடப் பிறந்தவர்களையும் பார்க்கச் சொல்லுங்கள் என்றார். சேர்ந்த இரும்பைக் குறைக்க வாராவாரம் ஒரு பை ரத்தம் எடுத்து எடுத்தே அவளைச் சரிசெய்தார்கள். இப்போது வருஷத்துக்குச் சில தடவை எடுத்தால் போதும்.

கூடப் பிறந்தவர்கள் மூன்று பேர். பாஸ்டனில் இருந்த தம்பியும் பெர்த்தில் இருந்த தங்கையும் மறுபேச்சு இல்லாமல் சோதித்துக்கொண்டார்கள். இருவருக்கும் ஒன்றுமில்லை. மூன்று வயல் தள்ளி இருந்த மாலக்கிதான் பாக்கி.

"நாலு பேர்ல ஒருத்தருக்குன்னு டாக்டர் சொன்னார்ல?" என்றான் அவன், அன்றைக்கும் வழக்கம்போல. "நாம நாலு பேர். உனக்கு வந்துடுச்சு. கணக்கு முடிஞ்சுபோச்சு."

"கணக்கு அப்படி இல்ல. ஒவ்வொருத்தருக்கும் புதுசா நாலில ஒண்ணு. உன் பசு வரிசையா மூணு காளைக்கன்னு போட்டா நாலாவது கண்டிப்பா கிடேரியா?"

"மாடு வேற, மனுஷன் வேற."

"சரி, இதையாவது கேளு." டெர்வ்லா நாற்காலியை இழுத்து அவன் எதிரே போட்டு உட்கார்ந்தாள். "அந்த மரபணு ஒரு புரதத்தைச் செய்யுது. அந்தப் புரதம் ஈரல் செல்லோட மேல்தோல்ல வந்து உக்காந்து, ரத்தத்துல எவ்வளவு இரும்பு ஓடுதுன்னு பாத்துக்கிட்டே இருக்கணும். அதிகமாச்சுன்னா, 'போதும், குடல் வாசலைச் சாத்து'ன்னு ஈரல் சேதி அனுப்பும். எனக்கு அந்தப் புரதம் கோணலா மடிஞ்சுபோகுது. செல்லுக்குள்ளயே மாட்டிக்கிட்டு மேல வந்து சேர்றதே இல்ல. அதனால ஈரலுக்கு எப்பவும் பஞ்சம்னே நெனப்பு. குடல் தின்ற இறைச்சியிலிருந்து இரும்பை உறிஞ்சிக்கிட்டே இருக்கு. வெளிய தள்ள உடம்புக்கு வழி கிடையாது. ஈரல்ல, இதயத்துல, மூட்டுல போய்ப் படியுது. உன் விரலைப் பாரு."

மாலக்கி வலக்கையை மேசைக்கடியில் மறைத்தான். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முட்டியில் வீங்கிக் கிடந்தன. வெயிலே இல்லாத ஜனவரி மாதத்தில், லீட்ரிம் பக்கத்தில், அவன் முகம் மட்டும் வெண்கலம்போல் இருந்தது. ஸ்பெயினுக்குப் போய் வெயில் காய்ந்து வந்தாயா என்று ஊரே கேட்டது. அவனுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட.

"நல்லாப் பேசுற டெர்வ்லா. பாதிரியாராப் போயிருக்கலாம்," என்றான்.

அடுப்படியில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த அவன் மனைவி ஊனா திரும்பியும் பார்க்கவில்லை. அவள் இந்தப் பேச்சில் எப்போதும் தலையிட்டதில்லை.

டெர்வ்லாவே டாக்டரிடம் நேரம் வாங்கிக் கொடுத்தாள். அன்று வெயிலடித்தது, வேலி அடைக்கணும் என்று அவன் போகவில்லை. இரண்டாவது முறை போனான். விரல் வலியைக் காட்டினான். அங்கே அன்றைக்கு இருந்தது குடும்பத்தைத் தெரியாத மாற்று டாக்டர். உழைத்த கை, தேய்மானம் என்று களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டார். மாலக்கி ஜெயித்தவன்போல் கடைக்கே வந்து நின்றான்.

"தேய்மானமாம். பாத்தியா?"

"என் வியாதியப் பத்தி அவர்கிட்ட சொன்னியா?"

"அவர் கேக்கலையே."

கத்தரியைக் கீழே வைத்தாள் டெர்வ்லா. நாற்காலியில் பாதி வெட்டிய முடியோடு இருந்த பெண்மணி கண்ணாடி வழியாக இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். டெர்வ்லாவுக்கு வாயில் வந்ததெல்லாம் வாடிக்கையாளர் முன்னால் சொல்லக்கூடிய வார்த்தையாக இல்லை.

மார்ச் மாதம் மாடுகளுக்குக் காசநோய்ச் சோதனை வந்தது. அரசாங்க விதி, வருஷா வருஷம் கால்நடை மருத்துவர் வந்து ஒவ்வொரு மாட்டையும் இரும்புக் கூண்டுக்குள் நிறுத்தி ஊசி போட வேண்டும். கூண்டின் கதவை இழுத்துப் பிடிப்பது மாலக்கியின் வேலை. கொழுத்த காளை ஒன்று பாதி உள்ளே போனதும் மிரண்டு பின்வாங்கியது. மாலக்கி கதவின் நெம்புகோலை இறுக்கினான். விரல்கள் பிடிக்கவில்லை. கதவு சடாரென்று திரும்பி, பக்கத்தில் குச்சியோடு நின்ற ஊனாவைச் சுவரோடு அடித்தது. மணிக்கட்டு முறிந்த சத்தம் மருத்துவருக்கே கேட்டது.

டெர்வ்லாதான் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஸ்லைகோ ஆஸ்பத்திரிக்கு ஓட்டினாள். அவசரப் பிரிவில் ஊனா வெளுத்த முகத்தோடு கட்டிலில் கிடந்தாள். மாலக்கி தொப்பியைக் கசக்கியபடி நின்றான். "கை நழுவிடுச்சு ஊனா. காளை முரடு…"

"காளை முரடு இல்ல," என்றாள் ஊனா. கட்டுப்போட வந்த நர்ஸிடம், "கொஞ்சம் நில்லுங்க. முதல்ல இவர்கிட்ட ரத்தம் எடுங்க. அப்புறம் என் கையைத் தொடுங்க," என்றாள்.

"அம்மா, இது அதுக்கான இடம் இல்ல…" நர்ஸ் தயங்கினாள்.

"அப்ப நான் இப்படியே கிடக்கேன்."

"ஊனா, பைத்தியமா உனக்கு? கை தொங்குது!" என்றான் மாலக்கி.

"தொங்கட்டும். உன் கையும்தான் தொங்குது. சட்டைக் கையைச் சுருட்டு."

டெர்வ்லா வாயைத் திறக்கவில்லை. அஞ்சு வருஷமாகப் பேசி ஆகாதது அங்கே நடந்துகொண்டிருந்தது. நடுவில் புகுந்து கெடுத்துவிடக் கூடாதே என்று பயமாக இருந்தது. ஒரு இளம் டாக்டர் எட்டிப்பார்த்தார், விஷயத்தைக் கேட்டார், மாலக்கியின் முகத்தையும் விரலையும் ஒரு பார்வை பார்த்தார். தானே ஊசியை எடுத்தார்.

சோதனை முடிவு வர நாளாயிற்று. இரண்டு பிரதியிலும் அதே பிழை. டெர்வ்லாவுக்கு இருந்ததைப்போல் பல மடங்கு இரும்பு சேர்ந்திருந்தது. ரத்தம் எடுத்தால் இரும்பு இறங்கும், அசதி குறையும் என்றார் நிபுணர். விரல் அநேகமாக இப்படியேதான் இருக்கும். ஈரல் தழும்பேறிவிட்டது, அது முழுசாகத் திரும்பும் என்று நம்ப வேண்டாம், காலமெல்லாம் கண்காணிக்க வேண்டும் என்றார்.

நிபுணரைப் பார்த்துவிட்டு டெர்வ்லாவின் காரில் திரும்பும் வழியில் மழை பிடித்தது. மாலக்கி ஜன்னல் கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்தான்.

"முன்னாடியே வந்திருந்தா ஈரல் தப்பிச்சிருக்குமா?"

இதற்கான பதிலை டெர்வ்லா எத்தனையோ முறை மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தாள். இப்போது அவன் குரலைக் கேட்டதும், "தப்பிச்சிருக்கலாம்," என்று மட்டும் சொன்னாள்.

அவன் பெருமூச்சு விட்டான். "நீ இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கணும் டெர்வ்லா."

அவள் காரை ஓரங்கட்டினாள். இறங்கினாள். கதவை அறைந்து சாத்திவிட்டு வேலிப்பக்கம் போய் நின்று, அடிவயிற்றிலிருந்து கத்தினாள். வார்த்தை எதுவும் இல்லை; வெறும் கத்தல். வயலில் நின்ற ஆடுகள் கலைந்து ஓடின. தொண்டை கட்டியபின்தான் திரும்பி வந்தாள். தலையிலிருந்து தண்ணீர் மடியில் சொட்டியது.

மாலக்கி ஓரக்கண்ணால் பார்த்தான். கைக்குட்டையை எடுத்து நீட்டினான். அவள் வாங்கவில்லை. சாவியைத் திருகினாள். மூக்கு நுனியில் மழைத்தண்ணீரோடு அண்ணனை வீடுவரை கொண்டுபோய்ச் சேர்த்தாள்.